வயலுக்கு முதலில், சேரிக்குக் கடைசியில்: வேளாண் மின்சாரத்தின் வரலாறு

ஒரு கிராமம் எப்போது மின்மயமான கிராமமாகிறது? 1997 அக்டோபர் வரை இந்திய அரசிடம் இதற்கு எளிய விடை இருந்தது. வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தத் தேவைக்காகவேனும் மின்சாரம் பயன்பட்டால் போதும். ஊருக்கு வெளியே ஒரு நிலவுடைமையாளரின் கிணற்றில் மோட்டார் ஓடினாலே அந்தக் கிராமம் கணக்கில் ஏறிவிடும். சேரியில் ஒரு விளக்கும் எரியவில்லை என்பது அந்தக் கணக்கைப் பாதிக்கவில்லை. வேளாண் மின்சாரத்தின் வரலாற்றை நாம் இந்த வரையறையிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்.

பைகாராவிலிருந்து கிணற்றுக்கு

சென்னை மாகாணத்தில் 1932இல் பைகாரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. பைகாராவின் மின்சாரம் கோவைப் பகுதியின் ஆலைகளை இயக்கியது. பின்னர் அப்பகுதியின் ஆழமான கிணறுகளுக்கும் சென்றது. மாடு பூட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. 1957இல் மாநில மின்வாரியம் உருவான பின் இப்பரவல் வேகம் பெற்றது.

1960களின் நடுவில் நேர்ந்த கடும் வறட்சி தேசியக் கொள்கையையும் மாற்றியது. ஊர்களுக்கு விளக்குத் தருவதைவிடக் கிணறுகளுக்கு மோட்டார் தருவதே முதன்மை நோக்கமாயிற்று. 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்ற காரணம் உண்மையானது. ஆனால் மோட்டார் இணைப்புக்குக் கிணறு வேண்டும். கிணற்றுக்குச் சொந்த நிலம் வேண்டும். அந்த நிலம் யாரிடம் இருந்தது என்று திட்டம் கேட்கவில்லை.

நிலம் இருந்த இடத்திற்கே கம்பி சென்றது

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றின் பரப்பு சுமார் 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. இந்திய அளவில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் சாகுபடி செய்யும் பரப்போ சுமார் 9 சதவீதம் மட்டுமே.

நிலத்தடி நீர் இந்த ஏற்றத்தாழ்வை மேலும் கூர்மையாக்கியது. மோட்டார் வைத்தவர் கிணற்றை ஆழப்படுத்தினார். பிறகு ஆழ்துளைக் கிணறு போட்டார். நீர்மட்டம் இறங்க இறங்க, அருகில் கவலையை நம்பியிருந்த ஏழையின் கிணறு வறண்டது. அவர் மோட்டார்க் கிணற்றுக்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியவரானார். அல்லது நிலத்தைத் தரிசாக விட்டுக் கூலிக்குச் சென்றார். கவலை ஓட்டிப் பிழைத்தவரோ அந்த வேலையையும் இழந்தார்.

கட்டணப் போராட்டமும் இலவச மின்சாரமும்

1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் போராடினர். பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் இயக்கம் வலுப்பெற்றது. 1984இல் சிறு விவசாயிகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 1989இல் பொறுப்பேற்ற தி.மு.க. அரசு அச்சலுகையை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இதனால் பயனடைகின்றன.

இலவச மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை. தலித் சிறு விவசாயிகள் உட்படப் பலரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் இந்த மானியம் கிணற்று மோட்டாரின் வழியாகவே பாய்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளியை அது நேரடியாகச் சென்றடைய வழியே இல்லை. அவர் குடிசைக்கென 1988-89இல் மத்திய அரசு தொடங்கிய குடீர் ஜோதி திட்டம் தந்தது ஒற்றை விளக்கு.

சேரி வரையறைக்குள் வந்தது

1997இல் வரையறை ஓரளவு திருத்தப்பட்டு, மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் பயன்பட வேண்டும் என்றானது. ஊர்த்தெரு ஒளிர்ந்தாலே போதும் என்பதால் சேரி அப்போதும் விடுபட்டது. 2004இல்தான் தலித் குடியிருப்பு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. குடியிருப்புப் பகுதியிலும், தலித் குடியிருப்பு உள்ள இடங்களில் அங்கும் மின்மாற்றியும் மின்வழியும் அமைய வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும். குறைந்தது 10 சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருக்க வேண்டும் என்பன புதிய நிபந்தனைகள். 2018 ஏப்ரல் 28இல் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது இந்த அளவுகோலின்படியே.

வீட்டு விளக்குக்கான வரையறையில் சேரி இடம்பெற்றுவிட்டது. வேளாண் இணைப்பில் அதற்கு ஒப்பான மாற்றம் வரவில்லை.

இனி சட்டத்தின் வழியே

வேளாண் இணைப்பு கேட்பவர் நிலத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள தம் உரிமையைக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு காட்ட வேண்டும். தலைமுறைகளாக உழுதும் பட்டா இல்லாதவர், நிபந்தனைப் பட்டா முன்னோர் பெயரிலேயே நிற்பவர், கூட்டுக் கிணற்றில் மற்றப் பங்காளிகளின் ஒப்புதல் கிடைக்காதவர் ஆகிய மூவரும் இந்த இடத்தில்தான் தடுக்கப்படுகிறார்கள். 2021இல் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஆவணம் இல்லாதவர் காத்திருப்போர் பட்டியலில்கூட இடம்பெற முடியாது.

நம் கையில் மூன்று கருவிகள் உள்ளன. முதலாவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. மின்சாரம் கோரும் உரிமையை அது உரிமையாளருக்கு மட்டுமன்றி, இடத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கும் தருகிறது. பட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் பெற்று இப்பிரிவின் அடிப்படையில் முறையீடு செய்யலாம். இரண்டாவது, தாட்கோவின் துரித மின் இணைப்பு மானியம். மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(g) பிரிவு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினரின் நீர், பாசன வசதி உரிமைகளில் பிறர் குறுக்கிடுவதும் இதன்கீழ்க் குற்றம். கிணற்றுப் பாதையை மறிப்பதையும் பங்குத் தண்ணீரைத் தடுப்பதையும் வெறும் உரிமையியல் தகராறு என்று காவல் நிலையம் ஒதுக்கினால், இப்பிரிவைச் சுட்டிப் புகாரைப் பதியச் செய்ய வேண்டும்.

இவற்றோடு, வேளாண் இணைப்புகளைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிறர் எனப் பிரித்துக் கோட்ட வாரியாக வெளியிடுமாறு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அளிக்கலாம். கல்லூரி மாணவர்கள் தம் ஊரிலிருந்தே இதைத் தொடங்க முடியும். பஞ்சமி நில மீட்பும் பாசன மின்சாரமும் தனித்தனிக் கோரிக்கைகள் அல்ல. மீட்ட நிலத்தில் தண்ணீர் பாயவில்லையெனில், அது விரைவிலேயே வேறொருவரின் குத்தகைக்குப் போய்விடும்.