சீருடையை மறுத்தவர்கள்



குடியியற் கல்விப் பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், எங்கட நானா கொரியாவுல வேலை செய்யிறார். அங்க ஆம்பிளைகள் எல்லாரும் ஆமிக்குப் போகணுமாம். மாட்டேன் எண்டு சொன்னா?"

சிறைதான். 1953இல் கொரியப் போர் நின்றது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அதனால் தென் கொரியாவில் ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். ஆயுதம் தூக்க மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் யெகோவாவின் சாட்சிகள், சிறை சென்றார்கள். அண்மைக் காலத்தில் வழக்கமான தண்டனை ஒன்றரை வருடம்.

2018 ஜூன் 28இல் அரசியலமைப்பு நீதிமன்றம், மாற்றுச் சேவைக்கு இடம் வைக்காத சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. நவம்பர் 1இல் உயர் நீதிமன்றம், உண்மையான மனச்சாட்சி மறுப்பு குற்றமல்ல என்றது. 2020இல் மாற்றுச் சேவை வந்தது. தரைப்படையில் 18 மாதம். இதிலோ 36 மாதம். வேலையும் தங்குமிடமும் சிறைச்சாலையிலேயே. கைதியாக அல்ல, ஊழியராக.

நாட்டுக்குக் கடன் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அதைத் துப்பாக்கியால்தான் அடைக்க வேண்டுமா என்றே கேட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கை நம்முடையது அல்ல. ஆனால் ஒரு சிறு கூட்டத்தின் மனச்சாட்சியை நாடு எப்படி நடத்துகிறது என்பது சிறுபான்மையாக வாழும் நமக்கும் உரிய கேள்விதானே?