கடல்மேல் மிதந்த வானொலி



அரசாங்கத்தின் ஆணைக்கு எல்லை உண்டு. வானொலி அலைக்கு அத்தகைய எல்லை இல்லை. இவ்விரு உண்மைகளுக்கும் இடையிலிருந்த ஒரு சிறு சந்திலே பிறந்ததுதான் 'ரேடியோ கரோலைன்' என்னும் ராக் இசை நிலையம். பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். சட்டத்திற்கும் மக்கள் விருப்பத்திற்கும் முரண்பாடு எழுந்தால் என்னவாகும் என்று மாணவர்கள் வினவும்போதெல்லாம், இந்த நிலையத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம்.

1964-ஆம் ஆண்டு தொடங்கியபோது, பிரிட்டனில் வானொலி நடத்தும் உரிமை பி.பி.சி. ஒன்றுக்கே இருந்தது. அது விளம்பரம் ஒலிபரப்பவில்லை. மக்கள் செலுத்திய உரிமக் கட்டணத்தைக் கொண்டே நடந்தது. இசைத்தட்டுகளை இவ்வளவு நேரந்தான் ஒலிபரப்பலாம் என்றும் ஒரு வரம்பு இருந்தது. தட்டுகளே பாடிக்கொண்டிருந்தால் இசைக் கலைஞர்களின் பிழைப்பு என்னாவது என்னும் அச்சமே அதற்கு ஒரு காரணம். அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், 'பீட்டில்ஸ்' குழுவினரின் பாடல்களுக்காக ஏங்கிய இளைஞர்களுக்கு, மாலை வேளைகளில் லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து வந்த ஒலிபரப்பே பெரும் புகலிடமாக இருந்தது.

இந்நிலையில் முன்வந்தவர் ரோனன் ஓ'ராஹிலி என்னும் ஐரிஷ் இளைஞர். இவருடைய பாட்டனார் 1916-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் உயிர் நீத்தவர். பேரனோ துப்பாக்கி ஏந்தவில்லை. ஒரு பழைய டேனிஷ் பயணிக் கப்பலை வாங்கினார். அதில் ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்தி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்திற்கு அப்பால் நங்கூரமிட்டார். அக்காலத்தில் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரைதான் பிரிட்டிஷ் சட்டம் செல்லும். கப்பல் அதனைத் தாண்டி நின்றது. 1964 மார்ச் 28-ஆம் நாள், ஈஸ்டர் சனிக்கிழமையன்று, ஒலிபரப்புத் தொடங்கியது.

இதன் தொழில்நுட்பத்தையும் சிறிது காண்போம். கப்பலில் பத்துக் கிலோவாட் ஆற்றலுள்ள இரு ஒலிபரப்பிகள் இருந்தன. மின்சாரத்தைக் கப்பலிலேயே உற்பத்தி செய்துகொண்டனர். வான்கம்பியைத் தாங்க 150 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு கம்பம் நிறுத்தப்பட்டது. மத்திய அலைக்கு நல்ல தரைத் தொடர்பு தேவை. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், கடலே அத்தொடர்பை இலவசமாக அளித்தது! நிலையத்தின் அதிர்வெண் 1520 கிலோஹெர்ட்ஸ். வானொலி அலை வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதனை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறத்தாழ 197 மீட்டர் என்று விடை வரும். ஆனால் அறிவிப்பாளர்கள் 199 என்றே கூறினர். 'நைன்' என்னும் சொல், 'கரோலைன்' என்னும் பெயரோடு இயைபாக ஒலிக்கும் அல்லவா? விளம்பரக் கலை கணிதத்தையும் சற்று வளைத்துவிட்டது.

வெற்றி விரைவில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் 'ரேடியோ அட்லாண்டா' என்னும் போட்டி நிலையம் கரோலைனோடு இணைந்தது. முதற்கப்பல் மான் தீவுக்குச் சென்றது. அட்லாண்டாவின் கப்பலான 'மி அமிகோ' தென்கிழக்குக் கரையில் நின்றது. வேறு பல நிலையங்களும் கப்பல்களிலும், போர்க்காலக் கடற்கோட்டைகளிலும் முளைத்தன.

எனினும், கட்டுப்பாடற்ற உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. பிற நாடுகளுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இடையூறு விளைவதாகப் புகார்கள் எழுந்தன. 1966 ஜூனில், ஒரு கடற்கோட்டை நிலையம் பற்றிய தகராறில் அதன் உரிமையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டம் எட்டாத இடத்தில் நீதியும் எட்டாது என்னும் அச்சம் நாடெங்கும் பரவியது.

1967 ஆகஸ்டில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கப்பலைத் தொடவில்லை. கரையிலிருந்து சென்ற உதவியைத் துண்டித்தது. இத்தகைய நிலையங்களில் பணிபுரிவதும், அவற்றிற்கு உணவும் எண்ணெயும் வழங்குவதும், விளம்பரம் கொடுப்பதும் பிரிட்டிஷ் மக்களுக்குக் குற்றமாயின. ஏனைய நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. கரோலைன் மட்டும் அஞ்சாது தொடர்ந்தது. ஆயினும் 1968 மார்ச்சில், கடன் தொல்லையால் அதன் இரு கப்பல்களும் ஆம்ஸ்டர்டாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டன.

ஆனால், மாணவர்களே, இங்கேதான் வரலாற்றின் விந்தையைக் காண்கிறோம். சட்டம் வந்த சில வாரங்களிலேயே, 1967 செப்டம்பர் 30 அன்று, பி.பி.சி. 'ரேடியோ ஒன்' என்னும் புதிய இசை அலைவரிசையைத் தொடங்கியது. அதன் முதற் குரலாக ஒலித்தவர் டோனி பிளாக்பர்ன்; அவர் கரோலைனில் பணியாற்றியவர்! 1973-இல் விளம்பர வருவாயால் நடக்கும் நிலையங்களும் பிரிட்டிஷ் மண்ணிலேயே சட்டப்படி தோன்றின.

கரோலைன் 1970-களில் மீண்டும் கடலுக்குத் திரும்பியது. 1980 மார்ச்சில் புயலில் 'மி அமிகோ' மூழ்கியது. அதில் இருந்தோர் மீட்புப் படகால் உயிர் தப்பினர். 1983-இல் 'ராஸ் ரிவெஞ்ச்' என்னும் மீன்பிடிக் கப்பலில் நிலையம் மறுபிறவி எடுத்தது. அதன் 300 அடிக் கம்பம் 1987-இல் சாய்ந்தது. 1991-இல் கப்பலே மணல்திட்டில் மோதியது. இறுதியில், 2017 டிசம்பரில், 648 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் பெற்று, கரையிலிருந்து அது ஒலிக்கலாயிற்று. பி.பி.சி.யின் உலக சேவை முன்பு பயன்படுத்திய அலைவரிசையே அது!

இதில் வென்றவர் யார்? அலைவரிசை பொதுச் சொத்து. அதைப் பங்கிட்டுக் காக்க அரசு வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் அதைக் காப்பவர்கள் கேட்போரின் குரலுக்கும் செவிசாய்க்க வேண்டும். அந்தச் செவி மூடியிருந்தமையால்தான் ஒரு பழைய கப்பலுக்கு அத்தனை வலிமை வந்தது என்பதே என் கருத்து. உங்கள் கருத்து வேறாயின், காரணங்களோடு எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வரலாறு கற்பதன் பயன் அதுவே.