இரும்புக்கு இடையே ஒரு ரப்பர் வளையம்

வாசகர்களே, அடுத்த முறை ஏதேனும் ஒரு கார்ப் பட்டறைப் பக்கம் போக நேர்ந்தால், தூக்கி நிறுத்தப்பட்ட காரின் பின்பக்க அடிப்பாகத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். குழாய்களுக்கும் இரும்புக் கரங்களுக்கும் இடையில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் கருப்பான ரப்பர் உருளைகள் சில தெரியும். பட்டறைக்காரர்கள் இவற்றைப் 'புஷ்' என்பார்கள். காரின் எஞ்சினைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். இந்த ரப்பர்த் துண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இதற்குப் பின்னால் நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

அந்த வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது என் சொந்தத் தொல்லைதான். நான் குள்ளஞ்சாவடியில் குடியிருப்பவன். குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிப் பக்கம் உள்ள கல்லூரிக்கு நாள்தோறும் ஒரு பழைய காரில் போய் வருகிறேன். சில மாதங்களுக்கு முன், பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டக்' என்று ஓர் ஓசை கேட்கத் தொடங்கியது. லாரியை முந்துவதற்காகத் திருப்பினால், காரின் முன்பகுதி திரும்பிய சற்று நேரம் கழித்தே பின்பகுதி திரும்புவது போன்ற உணர்வு. பின் டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தன.

"சப் ஃபிரேம் புஷ் நாலும் போயிடுச்சு சார்," என்றார் மெக்கானிக். "மறுபடியும் ரப்பரே போட்டா மறுபடியும் இதே வேலைதான். கெட்டியா பாலியூரித்தேன்ல வருது. வண்டி ரேஸ் கார் மாதிரி நிக்கும். ஒரேயடியா அதைப் போட்டுடலாம்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கெட்டியான பொருள் நல்ல பொருள்தானே? "நாளைக்குச் சொல்கிறேன் அண்ணே," என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவு காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று புரிந்தது.

சப் ஃபிரேம் என்பது என்ன?

அம்பாசடர் காரை நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பின்பற்றி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட கார் அது. அதன் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைத்தது. பட்டைவில்கள் அந்த அச்சைத் தாங்கின. இடச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் வலச் சக்கரமும் சாய்ந்துபோகும்.

இக்குறையை நீக்க, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. இதில் சக்கரத்தைத் தாங்கும் கரங்கள் பல வேண்டும். பல கார்களில் இக்கரங்களை உடற்கூட்டில் நேரடியாகப் பூட்டாமல், முதலில் தனியான ஓர் எஃகுச் சட்டத்தில் பூட்டுகிறார்கள். அதுவே சப் ஃபிரேம். பிறகு அச்சட்டத்தை, பெரும்பாலும் நான்கு மூலைகளில், உடற்கூட்டோடு போல்ட் போட்டு இணைக்கிறார்கள். சட்டத்துக்கும் உடற்கூட்டுக்கும் இடையே அந்த நான்கு மூலைகளிலும் உட்கார்ந்திருப்பவைதாம் நம் ரப்பர் புஷ்கள். சக்கரத்திலிருந்து வரும் ஒவ்வோர் அதிர்ச்சியும் இவற்றைக் கடந்துதான் நம் இருக்கைக்கு வந்தாக வேண்டும்.

அடுப்பில் விழுந்த ரப்பர்

இனி வரலாற்றுக்கு வருவோம். 1830-களில் ரப்பர் ஒரு நம்பகமற்ற பொருளாகத்தான் இருந்தது. கோடையில் உருகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். இதைச் சீர்செய்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். 1839-இல், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பின்மேல் பட்டது. அது உருகவில்லை, தோல்போல் பதமாகி, இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு மீண்டது.

நடந்தது இதுதான். ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். சூடேறும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் ரப்பர் உருகுகிறது. கந்தகம் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே ஆங்காங்கே பாலம் போட்டுவிடுகிறது. அதன்பின் சங்கிலிகள் நீளலாம், நெளியலாம். ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று ஓடிவிட முடியாது.

குட்இயர் 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால் இங்கிலாந்தில் அவரை முந்திக்கொண்டவர் தாமஸ் ஹான்காக். 1842-இல் ஸ்டீபன் மோல்ட்டன் என்பவர் குட்இயரின் ரப்பர் மாதிரிகளை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அந்த மாதிரிகளைக் கண்ட ஹான்காக், தாமே ஆராய்ந்து, 1843-இல் காப்புரிமைக்கு மனுச் செய்துவிட்டார். குட்இயர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார். மோல்ட்டனோ 1848-இல் பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் என்ற ஊரில் ரப்பர் ஆலை தொடங்கினார். அந்தக் குடும்பத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

ரப்பர் நம் பக்கம் வந்த கதையையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றுள் 1,900-க்கு மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் மலாயாவில் தோட்டங்கள் பெருகின; அங்கே விடியற்காலையில் மரம் சீவப் போனவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற ஏழை மக்கள். உலகத்துக் கார்கள் அதிராமல் ஓடியதில் அவர்கள் வியர்வைக்கும் பங்கு உண்டு. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் விளைகிறது.

இரும்பும் ரப்பரும் ஒட்டிய கதை

தொடக்ககாலக் கார்களில் அசையும் மூட்டுகளில் வெண்கல வளையங்களே இருந்தன. அவற்றுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். தூசி புகுந்தால் தேய்ந்து கடகடக்கும். 1920-களில் லியோன் தீரி என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். ஓர் எஃகுக் குழாயினுள் சிறிய குழாய் ஒன்றை வைத்து, இடைவெளியில் ரப்பரை மிகுந்த அழுத்தத்துடன் திணித்தார். இங்கே உலோகம் உலோகத்தோடு உரசுவதில்லை. உட்குழாய் திரும்பும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. எண்ணெயும் வேண்டாம், ஓசையும் இல்லை. 'சைலன்ட்பிளாக்' என்று அதற்குப் பெயர் வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் 'சைலன்ட் புஷ்' என்று சொல்வதைக் கேட்கலாம்.

ரப்பரை எஃகோடு நிரந்தரமாகப் பிணைக்கவும் வழி கிடைத்தது. எஃகின்மேல் மெல்லிய பித்தளை முலாம் பூசி, ரப்பரை வைத்துச் சூடேற்றினால், ரப்பரிலுள்ள கந்தகம் பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரிந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எஃகு இழைகள் கொண்ட டயர்களில் இம்முறை இன்றும் வழங்குகிறது.

1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளைமவுத் காரில் எஞ்சினையே ரப்பர்மீது மிதக்கவிட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சினின் உதறல் பயணிகளுக்குத் தெரியாமல் போயிற்று. இம்முறையைப் பெற்றுக்கொண்ட பிரான்சின் சிட்ரோயன், நீந்தும் அன்னப் பறவையை அதற்குச் சின்னமாக வைத்தது.

அடுத்தது 1959. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் வெளிவந்தது. அதில் எஃகு வில்லே கிடையாது. ரப்பர்க் கூம்புகளே வில்லாக வேலை செய்தன. அவற்றை வடிவமைத்த அலெக்ஸ் மோல்ட்டன் யார் தெரியுமா? 1842-இல் ரப்பர் மாதிரிகளைக் கொண்டுவந்த ஸ்டீபன் மோல்ட்டனின் கொள்ளுப்பேரர்! மினிக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு சப் ஃபிரேம்கள். முன்புறச் சட்டம் உடற்கூட்டில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது. மான்ட்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினி வென்றது.

ஆனால் 1976-இல் அதே காரின் முன்சட்டத்துக்கு இடையே ரப்பரைப் புகுத்தினார்கள். பின்சட்டத்தின் புஷ்களையும் பெரிதாக்கினார்கள். ஏன்? அந்தக் காரை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பந்தயத்துக்குப் போகவில்லை, அலுவலகத்துக்குப் போனார்கள். அவர்கள் காதுக்கும் முதுகுக்கும் அமைதி தேவைப்பட்டது.

ஒரு சிறு கணக்கு

இப்போது என் காகிதத்தைப் பார்ப்போம். கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 20 மீட்டர். சாலையில் மூன்றில் ஒரு மீட்டருக்கு ஒரு சிறு மேடு இருந்தால், சக்கரம் நொடிக்கு 60 முறை உதைபடும். புஷ்கள்மேல் அமர்ந்த சட்டத்தின் இயல்பு அதிர்வெண் 15 என்று வைத்துக்கொள்வோம். தணிப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எவ்வளவு அதிர்வு மேலே கடத்தப்படும்? 60-ஐ 15-ஆல் வகுத்தால் 4. அதன் வர்க்கம் 16. ஒன்றைக் கழித்தால் 15. ஆகவே பதினைந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 7 சதவீதம்தான் கடத்தப்படுகிறது.

புஷ்ஷை நான்கு மடங்கு கெட்டியாக்குவோம். இயல்பு அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; எனவே 15 என்பது 30 ஆகிறது. 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2, வர்க்கம் 4, ஒன்றைக் கழித்தால் 3. இப்போது மூன்றில் ஒரு பங்கு, 33 சதவீதம் மேலே வருகிறது. ஐந்து மடங்கு! புஷ் கெட்டியானதால் அதிர்ச்சி மறைந்துவிடவில்லை. தடையின்றி உடற்கூட்டுக்குப் போகிறது, அவ்வளவே. அங்கே போல்ட் பூட்டிய தகடுகளும் நம் முதுகெலும்பும் அதைத் தாங்க வேண்டும்.

இதனால் பாலியூரித்தேன் கெட்ட பொருள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டறிந்த அரிய பொருள் அது. எண்ணெயையும் உராய்வையும் நன்கு தாங்கும். பந்தயக் காரில் சக்கரத்தின் கோணம் மயிரிழையும் மாறக்கூடாது. அங்கே அதுவும், அதைவிடக் கெட்டியான அலுமினிய வளையமும் பொருத்தமானவையே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் கடினத்தைக் கேளுங்கள். ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவுகோலால் அளக்கிறார்கள். சாதாரணப் புஷ் 'ஏ' அளவையில் 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரித்தேன் புஷ்கள் பெரும்பாலும் 80 முதல் 95 வரை இருக்கும். நாள்தோறும் ஓட்டும் காருக்கு, தயாரிப்பாளர் கொடுத்த கடினத்திலோ அதற்குச் சற்று மேலேயோ நிற்பது நல்லது.

இரண்டாவதாக, புஷ்ஷின் நடுவே வெட்டிவிட்டாற்போல் வெற்றிடங்கள் தெரிந்தால், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். ஒரு திசையில் இளகியும் மறு திசையில் விறைப்பாகவும் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே பொருத்தும்போது அதன்மேல் உள்ள குறி சரியான பக்கம் பார்த்திருக்க வேண்டும். இந்த வெற்றிடங்களை அடைக்கும் செருகு துண்டுகளும் விற்கின்றன. அவை விலை மலிவு, அசைவும் குறையும், ஆனால் அமைதியும் அதற்கேற்பக் குறையும். நைந்து கிழிந்த ரப்பருக்கு அவை மருந்தாகா.

மூன்றாவதாக, நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரு மூலை புதிது, மறுமூலை பழையது என்றால் சட்டம் கோணலாக நகரும். வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை நான் யோசிக்க வேண்டியிருந்தது. காரை ஓட்டுபவன் நான். ஆனால் மாதம் இருமுறை பின்னிருக்கையில் அமர்ந்து கடலூர் மருத்துவமனைக்கு வருபவர், முதுகுவலிக்காரரான என் தாயார். பின் சட்டத்துக்கு நேர் மேலே உட்காருபவர் அவர். 7 சதவீதமா 33 சதவீதமா என்பது எனக்கு ஒரு கணக்கு. அவருக்கு அது கடலூர் வரைக்கும் வலி.

மறுநாள் பட்டறைக்குப் போய், "பழைய கடினத்திலேயே புது ரப்பர் போடுங்கள் அண்ணே," என்றேன். "சார், உங்க இஷ்டம்," என்று சிரித்தார். இப்போது 'டக்' ஓசை இல்லை. திருப்பினால் பின்பகுதி உடனே கேட்கிறது. கெட்டியாக இல்லாததல்ல, கிழிந்துபோனதே தவறு என்பது தெளிவாயிற்று. சில ஆண்டுகளில் இந்த ரப்பரும் தேயும், மறுபடி மாற்றுவேன். அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு தேய்வதற்காகத்தானே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்!

மாணவர்களே, உங்களிடம் உள்ள அழிப்பானை இரு விரல்களுக்கிடையே வைத்து நேராக அழுத்திப் பாருங்கள்; பிறகு ஒரு விரலை முன்னும் மற்றதைப் பின்னுமாக நகர்த்திப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதில் இளகுகிறது? ஏன்? விடையைச் சிந்தித்துவிட்டு, பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய புஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி, அது எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டது என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லும்.