குறித்த நாளும் கப்பலின் யந்திரமும்

பாய்மரக் கப்பல்களின் காலத்திலே கடற்பிரயாணத்துக்குப் புறப்படும் நாள் இருந்தது. போய்ச் சேரும் நாள் இருக்கவில்லை. காற்று வீசினாற் கப்பல் ஓடும். காற்று அடங்கினால் நடுக்கடலில் நிற்கும். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடப்பதற்கு நான்கு வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். தாமதத்துக்காக மீகாமனை எவரும் நோவதில்லை. காற்று மனிதனின் ஏவலுக்கு அடங்காதது என்பதைப் பிரயாணிகள் அறிந்திருந்தனர். ஆகவே அக்காலத்துக் கப்பற்காரர் எவரும் நாள் குறித்து வாக்களிக்கவில்லை. வாக்களியாதவிடத்து வாக்குத் தவறுதல் என்ற பேச்சுக்கும் இடமிருக்கவில்லை.

நீராவி யந்திரம் கப்பலில் ஏறியதும் இந்நிலை மாறிற்று. 1840-ஆம் ஆண்டு யூலை 4-ஆம் நாள் ‘பிரித்தானியா’ என்னும் மரக்கப்பல், துடுப்புச் சக்கரங்கள் சுழல, லிவர்ப்பூலிலிருந்து ஹலிபாக்ஸ், பொஸ்டன் ஆகிய துறைகளை நோக்கிப் புறப்பட்டது. சாமுவேல் கியூனாட் என்பவர் பிரித்தானிய அரசோடு செய்துகொண்ட தபால் ஒப்பந்தத்தின்படி நடைபெற்ற முதற் பிரயாணம் அது. குறித்த நாளிற் புறப்பட்டுக் குறித்த கால அளவிற் சேர்வதே அவ்வொப்பந்தத்தின் உயிர்நாடி. காற்றின் கையிலிருந்த காலம் யந்திரத்தின் கைக்கு மாறியது. அன்று தொட்டுக் கப்பற் கம்பனி பிரயாணிக்கு விற்பது ஓர் இடத்தை மட்டுமன்று. ஒரு நாளையும் சேர்த்தே விற்கின்றது. யந்திரம் பழுதுற்றால் அந்த விற்பனை என்னாவது? கடந்த நூற்றெண்பது ஆண்டுக் கப்பல் வரலாற்றின் ஒரு பகுதி இவ்வினாவுக்குத் தேடப்பட்ட விடைகளின் வரலாறாகும்.

புரூனெல் என்னும் பெரும் பொறியியலாளர் அமைத்த ‘கிரேட் ஈஸ்டேர்ன்’ 692 அடி நீளமுடையது. 4,000 பிரயாணிகளை ஏற்றத்தக்கதாகத் திட்டமிடப்பட்டது. இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள், பின்புறத்திற் சுழல்விசிறி, அவற்றோடு பாய்களும் அதற்கு இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று உதவும் என்பது எண்ணம். 1861 செப்டெம்பரில் லிவர்ப்பூலிலிருந்து நியூயோர்க்குக்குப் புறப்பட்ட அக்கப்பல் அயர்லாந்துக்கு அப்பாற் கடும் புயலில் அகப்பட்டது. துடுப்புச் சக்கரங்கள் சிதைந்தன. சுக்கானின் தண்டும் முறிந்தது. சுழல்விசிறியின் யந்திரம் பழுதின்றி இருந்தும் பயனில்லை. திசை திருப்ப இயலாத கப்பல் அலைகளுக்குப் பக்கம் காட்டிப் புரண்டது. மண்டபங்களில் இருந்த தளபாடங்கள் சுவருக்குச் சுவர் மோதி உடைந்தன.

அவ்வேளை கைகொடுத்தவர் ஒரு பிரயாணி. ஹமில்ட்டன் டவுல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், முறிந்த தண்டின் எஞ்சிய பகுதியிலே கனத்த சங்கிலிகளைச் சுற்றி, அவற்றால் சுக்கானைத் திருப்பும் உபாயம் ஒன்றை வகுத்தார். கப்பல் மெல்ல மெல்ல அயர்லாந்தின் குயீன்ஸ்டவுண் துறைக்குத் திரும்பியது. தமது சேவைக்கு ஊதியம் கோரி அவர் தொடுத்த வழக்கிலே, 1864-இல் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிரயாணி தன் உயிரைக் காக்கச் செய்யும் உதவிக்குக் கூலி கேட்டல் ஆகாது என்பதே பொதுவிதி. ஆயினும் இவர் செய்தது பிரயாணியின் கடமைக்கு மேற்பட்டது என நீதிமன்றம் கண்டது.

அடுத்த தலைமுறைக் கப்பல்கள் துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டுச் சுழல்விசிறியையே நம்பின. கியூனாட் கம்பனியின் ‘அம்பிரியா’ ஒற்றைச் சுழல்விசிறிக் கப்பல். 1892 டிசெம்பரில் நியூயோர்க்கை நோக்கிச் செல்லும்போது அதன் சுழல்தண்டு வெடித்தது. ‘பொஹீமியா’ என்னும் கப்பல் வடம் கட்டி இழுத்தது. புயலிலே வடம் அறுந்தது. பின்னர் கப்பலின் பொறியியலாளர் குழுவினர், ஆடும் கப்பலின் அடித்தளத்தில் நாட்கணக்காக உழைத்து, வெடித்த தண்டினைத் துளையிட்டுப் பிணைத்தனர். கரையிலே கப்பல் மூழ்கிற்றோ என உறவினர் கலங்கிக்கொண்டிருக்க, ஆண்டின் இறுதி நாளில் ‘அம்பிரியா’ தன் சொந்த வலுவிலேயே நியூயோர்க்கை அடைந்தது.

ஒற்றைத் தண்டு ஆபத்தானது என்ற பாடம் அதற்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. 1880-களின் இறுதியில் வெளிவந்த ‘சிற்றி ஒவ் நியூயோர்க்’, ‘சிற்றி ஒவ் பாரிஸ்’ என்னும் இரட்டைக் கப்பல்கள் இரு சுழல்விசிறிகளும் இரு தனி யந்திரங்களும் கொண்டவை. ஒன்று நின்றாலும் மற்றது செலுத்தும் என்னும் உறுதியால் முழுப் பாய்களின் தேவை ஒழிந்தது. ஆனால் 1890 மார்ச்சிலே ‘சிற்றி ஒவ் பாரிஸ்’ அயர்லாந்தை அண்மிக்கும்போது வலப்புறத் தண்டு முறிந்தது. சுமை நீங்கிய யந்திரம் கட்டுக்கடங்காது சுழன்று தன்னைத்தானே சிதறடித்தது. சிதறிய இரும்பு இடைச்சுவரையும் பிளந்தது. இரு யந்திர அறைகளிலும் நீர் புகுந்தது. உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆயினும் இரண்டு யந்திரம் இருந்தும் இரண்டும் ஒருங்கே ஓய்ந்தன. பின்வந்த விபத்துக்கள் பலவற்றிலும் இவ்வுண்மை திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் காணலாம்.

இதுகாறும் கூறியவை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்ற கப்பல்கள். உல்லாசப் பயணம் என்பது வேறு. ஹம்பேர்க்–அமெரிக்கக் கம்பனியின் அல்பேர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்திலே ஆட்களின்றிக் கிடந்த ‘ஓகுஸ்தா விக்தோரியா’ என்னும் கப்பலை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். இவ்வகைப் பயணத்திலே சேருமிடம் என ஒன்றில்லை. துறைகளின் வரிசையே பயணம். ஆதலின் யந்திரத்தின் சிறு பழுதும் இங்கே பெரிதாகத் தோன்றும்.

அதன் கணக்கு எளிது. ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் 400 கடல்மைல் என்று கொள்வோம். மணிக்கு 20 கடல்மைல் செல்லும் கப்பல் மாலையிற் புறப்பட்டு 20 மணி நேரத்திற் சேரும். ஒரு யந்திரம் ஓய்ந்து வேகம் 16 ஆகக் குறைந்தால் 25 மணி நேரமாகும். ஐந்து மணி நேரம் கரையிற் கழிக்க வேண்டிய பொழுதிலிருந்து கழிகின்றது. இத்தகைய இரண்டு மூன்று இடைவெளிகள் சேர்ந்தால் ஒரு முழுப் பகற்பொழுது போய்விடும். ஒரு துறையைத் தவிர்த்தாலன்றி இறுதித் துறையைக் குறித்த நாளில் அடைய இயலாது. அங்கே அடுத்த பிரயாணிகள் பெட்டிகளோடு காத்திருப்பர். தவிர்க்கப்பட்ட துறையிலோ வழிகாட்டியும் வண்டிக்காரரும் கைப்பணிப் பொருள் விற்போரும் வாராத கப்பலைப் பார்த்திருப்பர். பழுது யந்திர அறையில் நேர்ந்தது. அதன் நட்டம் பல கரைகளிற் பகிரப்படுகின்றது.

இதற்கு ‘குயீன் எலிசபெத் 2’ என்னும் கப்பலின் வரலாறு தக்க சான்றாகும். 1967 செப்டெம்பரில் கிளைட் நதியில் இறக்கப்பட்ட இக்கப்பல் 1969 ஜனவரியில் முதற்பயணம் செல்வதாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1968 டிசெம்பரில் நடந்த பரீட்சார்த்தப் பயணத்திலே அதன் நீராவிச் சுழலிகளின் அலகுகள் முறிந்தன. ஊஞ்சலை அது ஆடும் தாளத்துக்கேற்பத் தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, பாயும் நீராவியின் துடிப்பு அலகுகளின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனமையே காரணமெனக் கண்டனர். கியூனாட் கம்பனி கப்பலைப் பொறுப்பேற்க மறுத்தது. விற்கப்பட்டிருந்த பயணங்கள் நீக்கப்பட்டன. திருத்தம் முடிந்து 1969 மே 2-ஆம் நாளே முதற்பயணம் தொடங்கிற்று. கம்பனிக்கு அது பெரும் நட்டம். ஆயினும் பழுதறிந்த கப்பலிற் பிரயாணிகளை ஏற்றாது விட்டமை சரியான முடிபென்றே கொள்ளல் வேண்டும்.

ஐந்தாண்டுகள் கழிந்து, 1974 ஏப்ரில் 1-ஆம் நாள், அதே கப்பல் கரிபியன் கடலை நோக்கி உல்லாசப் பயணம் செல்கையில், பெர்முடாத் தீவுக்குத் தென்மேற்கே நடுக்கடலில் நின்றது. கொதிகலன்களுக்குச் செல்லும் நீரிலே எண்ணெய் கசிந்து கலந்துவிட்டது. கொதிகலன்கள் மூன்று, ஆயினும் மூன்றுக்கும் செல்லும் நீர் ஒன்றாதலின் மூன்றும் ஓய்ந்தன. 1,600-க்கு மேற்பட்ட பிரயாணிகள் அதிலிருந்தனர். ஏப்ரில் 3-ஆம் நாள் ‘சீ வெஞ்சர்’ என்னும் நோர்வேக் கப்பல் அருகே வந்தது. கடல் அமைதியாயிருந்தமையாற் படகுகளில் அனைவரும் சேதமின்றி மாற்றப்பட்டுப் பெர்முடாவை அடைந்தனர். பயணத்துக்குச் செலுத்திய பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வெறுமையான பெருங்கப்பலை இழுவைக் கப்பல்கள் பெர்முடாவுக்கு இழுத்துச் சென்றன.

எல்லாப் பழுதும் கப்பலை நிறுத்துவதில்லை, தளர்த்துவனவும் உள. 2006 ஜனவரியில் ‘குயீன் மேரி 2’ புளோரிடாவிலிருந்து புறப்படும்போது கால்வாய்ச் சுவரில் உராய்ந்து, அதனைச் செலுத்தும் நான்கு உந்துகலங்களில் ஒன்று சேதமுற்றது. குறைந்த வேகத்தில் றியோ டி ஜெனெய்ரோவுக்குச் செல்லவேண்டியிருந்தமையாற் பார்படோஸ், பிரேசிலின் சல்வடோர் முதலிய துறைகள் நீக்கப்பட்டன. உணவுக்கோ உறக்கத்துக்கோ குறைவில்லை. ஆயினும் பிரயாணிகள் கொதித்தெழுந்தனர். றியோவில் இறங்க மறுப்போம் என்றும் கூறினர். பாதிப் பணம் தருவதாக முதலிற் கூறிய கம்பனி பின்னர் முழுப் பணத்தையும் தர இசைந்தது. வேளாவேளை உணவும் மெத்தையும் தந்தாற் போதும் என எண்ணுதல் தவறு. அவர்கள் வாங்கியது அத்துறைகளைக் காணும் நாட்களை. பல ஆண்டு சேமித்த முதியோருக்கு அந்நாள் மீண்டும் வருமென்ற உறுதியும் இல்லை.

2013 பெப்ரவரியில் மெக்சிக்கோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரையம்ப்’ கப்பலுக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. நாலு நாட் பயணமாகப் புறப்பட்ட கப்பலில் ஏறத்தாழ 4,200 பேர் இருந்தனர். பெப்ரவரி 10-ஆம் நாள் எரிபொருட் குழாயொன்று கசிந்து யந்திர அறையிலே தீ மூண்டது. தீ அணைக்கப்பட்டது, எவரும் இறக்கவில்லை. ஆனால் மின்விசை போயிற்று. இக்காலக் கப்பல் மின்விசையாலேயே நகர்வது. மின்விசையாலேயே சமைப்பது, குளிர்விப்பது, கழிவகற்றுவது. கழிப்பிடங்கள் இயங்கவில்லை, அறைகளின் வெக்கை தாளாது மக்கள் மேற்றளத்திற் படுக்கை விரித்தனர், உணவுக்கு நெடுவரிசையில் நின்றனர். இழுவைக் கப்பல்கள் 14-ஆம் நாள் இரவு அலபாமாவின் மொபீல் துறையிற் சேர்த்தன. பணமும் இழப்பீடும் பின்னர் வழங்கப்பட்டன. மிதக்கும் நகரம் என்று புகழப்பட்டது மின்விசை அற்றவுடன் மிதக்கும் சிறையாயிற்று.

விபத்துக்கள் விதிகளை ஈன்றன. 2010 யூலை 1-ஆம் நாளுக்குப் பின் கட்டப்படும் பெரிய பிரயாணிக் கப்பல்கள், ஓர் அறை தீயாலோ நீராலோ பயனற்றுப் போயினும், எஞ்சிய யந்திரங்களின் வலுவால் தாமே துறை சேரவல்லனவாய் இருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. 2013 மே மாதத்தில் உல்லாசக் கப்பற் கம்பனிகளின் சங்கம் பிரயாணிகளின் உரிமைகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. யந்திரப் பழுதாற் பயணம் நீக்கப்பட்டால் முழுப் பணமும், இடையில் முடிந்தால் ஒரு பகுதியும் திரும்பப் பெறும் உரிமை அதில் உண்டு. பழுதினைக் குறித்தும் பயணமாற்றத்தைக் குறித்தும் காலந்தாழ்த்தாது அறிவிக்கப்பெறும் உரிமையும் அதில் உண்டு. இப்பிந்திய உரிமை சிறிதன்று. இருளில் இருத்தப்பட்ட மனிதன் துன்பத்தை இருமடங்காக உணர்கின்றான்.

விதியும் போதாது என்பதை 2019 மார்ச் 23-ஆம் நாள் நோர்வேக் கரையோரம் உணர்த்திற்று. இரண்டாண்டுகளே முதிர்ந்த ‘வைக்கிங் ஸ்கை’ புயலிலே யந்திர வலுவை முற்றாக இழந்து பாறைகளை நோக்கித் தள்ளப்பட்டது. மசகெண்ணெயின் அளவு தாங்கிகளிற் குறைந்திருந்தது. கப்பல் கடுமையாக ஆடியபோது எண்ணெய் பம்பிகளுக்கு எட்டாது போயிற்று. யந்திரங்கள் தம்மைக் காக்கும் பொருட்டுத் தாமே நின்றன. ஹெலிகொப்டர்கள் 479 பேரை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரைசேர்த்தன. கரையை மோதுமுன் யந்திரங்கள் மீண்டும் இயங்கியமையால் எஞ்சியோர் தப்பினர். யந்திரங்கள் பலவாயினும் குறை பொதுவாயின் எல்லாம் ஒருங்கே ஓயும் என்னும் ‘சிற்றி ஒவ் பாரிஸ்’ காலத்துப் பாடமே மறுபடியும் கற்கப்பட்டது.

‘குயீன் எலிசபெத் 2’ நீராவிச் சுழலிகளை 1986–87-இல் ஜேர்மனியின் பிறேமர்காவன் துறையிற் களைந்துவிட்டு ஒன்பது டீசல் யந்திரங்களைப் பெற்றது. ஒன்றைத் திருத்துவதற்காக நிறுத்தினும் எஞ்சியவை கப்பலைச் செலுத்தும். அவ்வலுவோடு மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றி, 2008-இல் துபாய் துறையில் ஓய்ந்து, 2018 முதல் தங்குவிடுதியாக விளங்குகின்றது. இன்று அதில் தங்குவோர் பார்ப்பது மேற்றளத்து மண்டபங்களை. அதன் பயணங்களைக் காத்தவர்கள் கீழ்த்தளத்தில் எண்ணெயின் அளவையும் தண்டின் வெம்மையையும் ஒவ்வொரு காவலிலும் குறித்து வைத்த மனிதர்கள். கம்பனி பிரயாணிக்குக் குறித்துக் கொடுக்கும் நாள் காகிதத்தில் அச்சிடப்படுகின்றது. அது காப்பாற்றப்படுவதோ அவர்களின் கைகளிலே.