ஆட்குறைப்புக்குப் பின் கூடும் பணிச்சுமை: பணியில் நீடிப்போரின் உடல், மன நலம்

ஒரு நிறுவனம் ஆட்குறைப்பு செய்யும்போது வேலையிழந்தோரின் துயரம் வெளிப்படையாகத் தெரிகிறது. பணியில் நீடிப்போருக்கும் உடல்நலப் பாதிப்பு ஏற்படக்கூடும் என்பது பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. வெளியேறியோரின் பணி எஞ்சியோரிடையே பகிரப்படுகிறது. காலக்கெடுவும் இலக்கும் பெரும்பாலும் மாற்றப்படுவதில்லை. ‘அடுத்தது நானோ’ என்ற அச்சமும் ‘நான் மட்டும் தப்பினேன்’ என்ற குற்றவுணர்வும் இதனுடன் சேர்கின்றன. இந்நிலையில் உண்டாகும் சோர்வு உங்கள் திறமைக் குறைவையோ மனவலிமைக் குறைவையோ காட்டுவதன்று.

உடல்நலம் எவ்வாறு பாதிக்கப்படுகிறது?

பின்லாந்தில் 1990-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தநிலையின்போது நகராட்சிப் பணிகளில் ஆட்குறைப்பு நடைபெற்றது. பணியில் நீடித்த ஊழியர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2004-இல் வெளியானது. பெருமளவு ஆட்குறைப்புக்கு உள்ளான ஊழியர் பிரிவுகளில், இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என அது காட்டியது.

வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ பணியாற்றுவோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் பணியாற்றுவோரைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் தெரிவித்தன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• உறங்கி எழுந்த பின்னும் நீங்காத களைப்பு
• உறக்கமின்மை, நள்ளிரவில் பணி நினைவோடு விழித்தல்
• அடிக்கடி தலைவலி, கழுத்துவலி, நெஞ்செரிச்சல்
• பணியின்மீது வெறுப்பு, எளிதில் சினம் கொள்ளுதல்
• வழக்கமாகச் செய்யும் பணியிலும் தவறுகள் நேர்தல்
• மது, புகையிலைப் பயன்பாடு கூடுதல்

பணியிடத்தில் நீங்கள் செய்யக்கூடியவை

ஓய்வு இன்றியமையாதது. ஆயினும், சுமை குறையாதவரை ஓய்வு மட்டும் போதாது. எனவே பணி ஒதுக்கப்படும் முறையைப் பற்றி மேலாளரிடம் பேசுவது அவசியம்.

1. உங்களிடம் உள்ள எல்லாப் பணிகளையும், ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் நேரத்தையும் பட்டியலிடுங்கள்.

2. முன்னுரிமையை மேலாளரே முடிவு செய்யுமாறு கேளுங்கள். “இந்த ஐந்து பணிகளுள் மூன்றை இவ்வாரம் முடிக்க இயலும். எவற்றை முதலில் முடிக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்” என்று கூறலாம். இது மறுப்பன்று; நிலைமையைத் தெளிவாக எடுத்துரைப்பதாகும்.

3. வாய்மொழி உத்தரவுகளை அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாக உறுதிப்படுத்துங்கள். இருவர் முரண்பட்ட உத்தரவுகளை இட்டால், இருவருக்கும் ஒரே மடலில் தெரிவியுங்கள்.

4. தொடர்ந்து அவமதிப்போ மிரட்டலோ இருப்பின், நாள், நேரம், நிகழ்ந்தது ஆகியவற்றைக் குறித்து வைத்து மனிதவளப் பிரிவுக்கு எழுத்து வடிவில் தெரிவியுங்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, இயல்பான பணி நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுக்கிறது. மேலாண்மைப் பதவியில் இருப்போருக்கு இது பொருந்தாது. ஐயமிருப்பின் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விளக்கம் பெறலாம்.

உடலைப் பேணுதல்

• இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கத்திற்கு இடமளியுங்கள். மாலைக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள்.
• மதிய உணவைத் தள்ளிப்போடாதீர்கள். இடையிடையே எழுந்து சில நிமிடங்கள் நடங்கள்.
• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் பணி மிகுதியால் மாத்திரையையோ பரிசோதனையையோ தவறவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

“வேலையாவது மிஞ்சியதே” என்று ஆறுதல் கூறுவதைத் தவிருங்கள். அது அவரை மேலும் பேசவிடாமல் தடுக்கக்கூடும். அறிவுரை கூறும் முன் அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். மாதத் தவணை, பள்ளிக் கட்டணம், சேமிப்பு ஆகியவற்றைச் சேர்ந்து அமர்ந்து கணக்கிடுங்கள். வருமானம் நின்றால் எத்தனை மாதங்கள் சமாளிக்க இயலும் என்பது தெரிந்தால், அச்சத்தில் அவசர முடிவெடுக்க நேராது. உறக்கம், உணவு, மதுப் பழக்கம் ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தால் உரிமையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

• மனச்சோர்வு, ஆர்வமின்மை, உறக்கமின்மை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள்.
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் ஏற்பட்டால், ‘களைப்பு’ என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.
• வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினாலோ, உங்கள் உறவினர் அவ்வாறு பேசினாலோ, டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இச்சேவை கட்டணமின்றி 24 மணி நேரமும் கிடைக்கிறது. அத்தகைய நிலையில் இருப்பவரைத் தனியே விடாதீர்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றன்று.