பதின்ம வயசு யாருக்குக் கிடைச்சது? அறுபதுகளின் மலையகமும் ஒரு வெள்ளைச் சட்டையும்

அறுபதுகளின் ஃபேஷன் என்று தேடினால் வந்து விழுகிற படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. குழாய் போல ஒட்டின கால்சட்டை, நெற்றியில் சுருட்டி விட்ட முடி, ரெட்டைச் சடை, தாவணி. மேலே "அந்தக் காலத்து இளசுகள்" என்று ஒரு வரி. பார்க்க அழகாத்தான் இருக்கு. நாங்கள் கேட்க நினைத்தது இதுதான்: அதே 1960-64 காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் 15 வயசில் இருந்தவங்க என்ன உடுத்தினாங்க? யாரோட சேர்ந்து திரிஞ்சாங்க?

தேடப்போனால் முதலில் தடுக்கிறது உடுப்பு இல்லை, வயசு. தோட்டத்துக் கணக்கில் அப்படி ஒரு வயசே கிடையாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி தொழிலாளர் மூன்று வகை: ஆண், பெண், சிறுவர். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. பிறகு கூலி கூடியது, இந்தப் பிரிவு போகவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். ஆக ஒரு பிள்ளை நேற்று வரைக்கும் சிறுவர், இன்றைக்குப் பெரிய ஆள். நடுவில் "டீன் ஏஜ்" என்று நிற்க ஓர் இடம் இல்லை.

அந்த இடத்தைத் தரக்கூடியது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதுவும் எல்லாருக்கும் எட்டவில்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. இரண்டு தடவையும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. அவை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதியில்தான் அரசுக்கு வந்தன. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. அதுதான் பெரும்பாலான தோட்டங்களின் நிலைமை. அதற்கு மேலே படிக்க டவுனுக்குப் போகணும். ஹட்டனில் 1892இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய ஹைலண்ட்ஸ், அங்கேயே சென். ஜோன் பொஸ்கோ, நுவரெலியாவில் நல்லாயன் கன்னியர் மடம் என்று பள்ளிக்கூடங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் கங்காணி, கணக்குப்பிள்ளை, கிளாக்கர், கடைக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள். கொழுந்து எடுக்கிறவர் வீட்டிலிருந்து போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இப்ப உடுப்புக்கு வருவோம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன 15 வயசுப் பொண்ணு காலையில் பெரட்டுக்குப் போகும்போது இடுப்பில் படங்கு, தலையில் கயிறு மாட்டின கூடை, மழைக்குக் கறுப்புக் கம்பளி. பக்கத்தில் நிற்கிற 40 வயசு அம்மாவுக்கும் அதே படங்கு, அதே கம்பளி. உடுப்பைப் பார்த்து வயசு சொல்ல முடியாது. ஃபேஷன் என்பதற்கு அடிப்படையே "நாங்க வேற, எங்க அம்மா அப்பா வேற" என்று உடம்பில் காட்டுறதுதானே? அந்த வித்தியாசத்தைத் தோட்டம் அனுமதிக்கவில்லை.

டவுனுக்குப் படிக்கப் போன பிள்ளைக்குத்தான் வேற உடுப்பு. வெள்ளைச் சட்டை. இன்றைக்கு நமக்குச் சீருடை என்றாலே சலிப்பு. ஆனால் அன்றைக்கு லயத்திலிருந்து வெள்ளை உடுத்திக்கொண்டு ஒரு பிள்ளை இறங்கிப் போனால் மலை முழுக்கத் தெரியும். அந்த வெள்ளையைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அடுப்புப் புகை, விடாத தூறல். பீலியில் கழுவி, அடுப்புக்கு மேலே காயவைத்து எடுத்தால் சட்டையில் புகை வாடை ஒட்டியிருக்கும். வகுப்பில் யார் லயத்துப் பிள்ளை, யார் டவுன் பிள்ளை என்று அந்த வாடையே சொல்லிக்கொடுத்துவிடும் என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். எங்கள் காலத்தில், 1993க்குப் பிறகு, சீருடைத் துணியை அரசாங்கமே கொடுத்தது. அவங்களுக்கு அது சம்பளத்தில் வெட்டுப்படுகிற காசு.

அப்போ படிக்காதவங்களுக்குக் கொண்டாட்டமே இல்லையா? இருந்தது. தீபாவளிக்கு முற்பணம் வாங்கி எடுக்கிற புதுத்துணி, கோயில் திருவிழா, ஒலிபெருக்கியில் படப்பாட்டு. மாசியில் காமன் கூத்து. ரதி வேஷம் கட்டுறது ஆம்பளப் பிள்ளைதான். சேலை, சவுரி, பூ, பொட்டு, முகத்துக்குச் சாயம் என்று அத்தனையும் அவனுக்கு. வருஷத்தில் ஒரு தடவை ஓர் இளைஞன் இஷ்டத்துக்கு உடுத்தி, ஊரே வாய் பிளந்து பார்க்க ஆடுற மேடை அது. அதை யாரும் "ஃபேஷன்" என்று எழுதி வைக்கவில்லை.

டவுன் பள்ளிக்கூடத்தில் இன்னொரு விதமான மிடுக்கு வளர்ந்தது. அது பேச்சில் இருந்தது. சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்களோடு சேர்ந்து திராவிட இயக்கத்தின் அடுக்குமொழியும் வந்தது. தூய தமிழில் பேரை மாற்றிக்கொள்வது, மேடையில் எதுகை மோனை போட்டுப் பேசுவது, இதெல்லாம் தலைமுடி ஸ்டைலை விடப் பெரிய ஸ்டைல். இளஞ்செழியன் நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தை அரசாங்கம் 1962இல் தடைசெய்தது என்றால், அந்தப் பேச்சுக்கு எவ்வளவு காது கிடைத்திருக்கும் என்று யோசிச்சுக்கொள்ளுங்க. ஹைலண்ட்ஸில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களைப் பேசவும் எழுதவும் தள்ளிவிட்டார்கள். வீரகேசரியின் தோட்டப் பக்கத்தில் கார்மேகம் மலையகத்துப் புது எழுத்துக்கு இடம் கொடுத்தார். அறுபதுகளின் சிறுகதைப் போட்டிகளில் வந்த கதைகளைச் சேர்த்து 1971இல் 'கதைக்கனிகள்' வெளியானது. வெள்ளைச் சட்டை போட வாய்த்த அந்தக் கொஞ்சப் பேரில் பலர், லயத்தில் நின்றுபோனவர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். எங்களுக்கு அந்தத் தலைமுறை மேல் மரியாதை வருவது அதனால்தான்.

ஒரு கணக்கையும் மறந்துவிடக்கூடாது. 1962இல் 15 வயசான பிள்ளை பிறந்தது 1947இல். அந்த வருஷத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அந்தப் பிள்ளை நடை பழகுறதுக்குள்ளேயே 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அடுத்து வாக்குரிமையும் போனது. பிள்ளைக்கு 17 ஆனபோது, 1964 ஒக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. போனவங்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி.

போறதுக்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டு, முடியைப் படிய வாரி, ஸ்டூடியோவில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்த படங்கள். அறுபதுகளின் மலையக இளைஞர் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கிற சாட்சிகளில் அவையும் சேர்த்தி. யாரும் ரசித்துப் பார்க்க எடுத்தவை இல்லை, ஊரை விட்டு அனுப்ப எடுத்தவை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கும்.

உங்க வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தால், அதில் இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வையுங்க: அந்தச் சட்டையை யார் வாங்கித் தந்தது, எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க? இந்த வரலாற்றில் எழுதாமல் கிடக்கிற பக்கங்கள் அந்தப் பதில்களில்தான் இருக்கு.