தோய்

ஆற்காடு, ஆம்பூர் எல்லாம் தோல் பதனிடும் வட்டாரம். முன்பெல்லாம் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் நாள்கணக்கில் ஊறும். ஆனால் சாயத்தொட்டியில் நூல் ஊறுவதில்லை, தோய்கிறது. தமிழ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

தோய்தல் என்றால் நனைதல், முழுகுதல், படிதல், கலத்தல். கன்னடத்திலும் 'தோய்' நனைதலே. மலை வானைத் தொடுவதைப் பழம்புலவர்கள் தோய்தல் என்றார்கள். பால் தயிராவதும் தோய்தல்தான். காய்ச்சிய இரும்பை நீரில் முக்கி உரமேற்றுவது தோய்ச்சல். உள்ளே போனது வேறொன்றாகி வெளியே வருகிறது. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அவுரிச் சாயத்தைப் பாருங்கள். நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்க வைத்தால்தான் கரையும். அதில் தோய்த்தெடுத்த நூல் முதலில் மஞ்சள்பச்சை. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அடர்நீலம் வேண்டுமானால் தோய்த்து, உலர்த்தி, மறுபடி தோய்க்க வேண்டும். ஜப்பானியரின் 'ஐசோமே' நீலச்சாயத்துக்குச் செடி வேறு, இலையை மக்கவைக்கும் முறையும் வேறு. ஆனால் புளித்த தொட்டியும் காற்றில் பிறக்கும் நீலமும் அங்கும் உண்டு. ஜப்பானியச் சாயப் பட்டறை ஒன்றில் துணியைக் கையில் கொடுத்தால், நாம் செய்வதற்குத் தமிழில் பெயர் தயாராக இருக்கிறது.